கடலைக் காட்டுவோம் குழந்தைகளுக்கு!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டிய மண் நம் செட்டிநாடு. பர்மாவும் இலங்கையும் மலேயாவும் நம்மவர்க்குப் பக்கத்து ஊர்களைப் போல் இருந்த காலம் ஒன்று உண்டு. இங்குள்ள பெரிய வீடுகளைத் தாங்கி நிற்பவை கப்பலில் வந்த பர்மாத் தேக்குத் தூண்கள். அவ்வீட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல் பளபளக்கின்றன என்றால், அதற்குக் காரணம் கடற்கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புப் பூச்சு. இவ்வாறு வீட்டுச் சுவரிலேயே கடலைப் பூசி வைத்திருக்கும் ஊரில் வளரும் ஒரு குழந்தையிடம், "கடலுக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மீன் இருக்கும், சுறா இருக்கும், அலை இழுத்துக்கொண்டு போய்விடும்" என்ற அளவில் பதில் முடிந்துவிடும். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் தொண்டியில் கடல் இருக்கிறது. இருந்தும் நம் குழந்தைகளுக்கு அது பயமுறுத்தும் பூச்சாண்டியாகவே இருக்கிறது.

அண்மைக் காலத்தில் வசதியுள்ள குடும்பங்களில் ஒரு புதிய பழக்கம் தோன்றியிருக்கிறது. குளிர்கால விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் தாய்லாந்துக்கும் செல்கிறார்கள். அங்கே முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி அடியிலுள்ள பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்க்கிறார்கள். இதற்கு 'ஸ்நார்க்லிங்' என்று பெயர். இதனை ஆடம்பரம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஒரு குழந்தைக்கு இதைவிடச் சிறந்த உயிரியல் பாடம் வேறு இல்லை. ஆனால் அந்தப் பாடம் பணமுள்ள வீட்டுக் குழந்தைக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது. நமக்கு அருகிலேயே பவளத் தீவுகள் இருக்கின்றன. முறையாகத் திட்டமிட்டு, கடலை அறிந்த கடலோர மக்களையே ஆசிரியராகக் கொண்டு, நம் குழந்தைகளுக்கு அவற்றைக் காட்ட முடியும், காட்ட வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

அருகிலிருக்கும் பவளத் தோட்டம்

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடற்பரப்பும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர், கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், மேலே மிதந்தபடியே பார்க்கக் கூடியவை. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவை விலங்கியல் மாணவர் எவரும் மறக்க முடியாது. முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டும் பலனோகிளாசஸ் என்னும் புழு அங்கே வாழ்கிறது. நாம் தேர்வுக்காகப் படம் வரைந்து பாகம் குறிக்கும் அப்பிராணியின் சொந்த ஊர் நமக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கிறது!

இத்தோட்டம் என்றும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததை இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கூறுகிறார்கள். 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது நின்றது, ஆனால் வெப்பம் நிற்கவில்லை. பவள உயிரியின் உடலுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு உணவும் நிறமும் பெரும்பாலும் அதனால் கிடைப்பவை. கோடையில் கடல்நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் அந்தப் பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நேர்ந்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. புவியின் வெப்பம் ஒன்றரைப் பாகை உயர்ந்தால் உலகப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு குறைந்துவிடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-இல் எச்சரித்தது. இன்று ஒன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தை நம்மைப்போல் கல்லூரிக்கு வரும்போது பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஆகவேதான் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு இங்கே பொருந்தாது என்கிறேன்.

எப்பொழுது செல்வது?

பயணத்தின் முதற்பாடம் நாட்காட்டி. பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் இறுதியில் வருகிறது. பெற்றோர் பலர் அந்த நாட்களைத்தான் தேர்ந்தெடுப்பர். அது தவறான தேர்வு. அப்பொழுது வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்திருக்காது. மழைநீர் கலந்து கடல் கலங்கிக் கிடக்கும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் அந்தப் பருவத்தில் வந்ததே. தை பிறந்து, மழை விலகி, நீர் தெளிந்த பின் வரும் பொங்கல் விடுமுறையும் அதனை அடுத்த மாசி மாத வார இறுதிகளும் ஏற்றவை. வெயிலும் அப்பொழுது கடுமையாக இராது.

காற்றின் திசையையும் கவனிக்க வேண்டும். இராமேசுவரத் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும். தீவு மறைத்து நிற்பதால் தென்கடல் சற்று அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். இதே கணக்கு வெளிநாட்டுத் தீவுகளுக்கும் பொருந்தும். மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் ரெடாங் தீவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். கிழக்குக் கரையிலுள்ள அத்தீவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும். திருகோணமலைக்கு அருகிலுள்ள புறாத்தீவுக்கும் குளிர்காலம் ஏற்றதன்று. தாய்லாந்தின் மேற்குக் கரையில் அப்பொழுதுதான் கடல் தெளிந்திருக்கும். விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் பருவக்காற்றைப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நாளைத் தேர்ந்தபின் நேரம். காலையில் காற்றுக் குறைவு. பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கும். எனவே விடிந்ததும் இறங்கி, பத்து மணிக்குள் கரையேறிவிட வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலோ, உள்ளூர் மீனவர் "இன்று வேண்டாம்" என்று சொன்னாலோ, மறுபேச்சின்றித் திரும்பிவிட வேண்டும். குழந்தை அழுதாலும் பரவாயில்லை. கடலுக்கு மதிப்புக் கொடுப்பதும் அக்குழந்தை கற்கவேண்டிய பாடமே.

கண்மாயிலிருந்து கடலுக்கு

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. நம் பெற்றோர் அதன் முதற்பாதியை மறந்து, 'காலை விடாதே' என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகின்றனர். தண்ணீரில் குழந்தைகளை இழக்கும் துயரம் உலகம் முழுவதும் இருக்கிறது. 2021-இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்ததற்கு அதுவே காரணம். தண்ணீரை விட்டு விலக்கி வைப்பதால் மட்டும் குழந்தை பாதுகாப்பாக இருந்துவிடாது. என்றாவது ஒருநாள் தோழர்களோடு தெரியாமல் போய் இறங்கும். அன்று அதைக் காப்பது அது முன்பே கற்ற நீச்சலும் பெற்ற நிதானமும்தான்.

ஆகவே கடற்பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். முதலில் வீட்டு அண்டாவில் நீர் நிரப்பி, முகத்தை நீருக்குள் வைத்து மூச்சுக்குழாய் வழியாக வாயால் மூச்சுவிடப் பழக்கலாம். அடுத்து, குளிக்கும் குளத்திலோ கண்மாயிலோ கிணற்றிலோ இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் கற்பித்த நம் பெரியவர்களின் முறை இருக்கிறது. கண்மாயில் மண் அள்ளிய பள்ளங்கள் உண்டு. ஆதலால் இடத்தை முதலில் பெரியவர் இறங்கிப் பார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் உடன் நிற்க வேண்டும். மல்லாந்து மிதக்கவும், குழாயில் புகுந்த நீரை ஊதி வெளியேற்றவும், பயமின்றி உதவி கேட்கவும் கற்ற குழந்தையே கடலுக்கு ஆயத்தமான குழந்தை. எட்டு வயதுக்குக் குறைந்தவரைக் கரையோரத்தில் முழங்கால் அளவு நீரில் விளையாடவிட்டு, படகிலிருந்தே கடலைக் காட்டுவது நன்று என்பது என் கருத்து.

"பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கான பதிலைப் பின்னே சொல்கிறேன்.

கருவியும் அறிவியலும்

கருவிகள் சில, அவற்றுக்குப் பின்னாலுள்ள அறிவியல் பெரிது. கண்ணாடி குழந்தையின் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று அறிய, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுக்கச் சொல்ல வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் நீர் புகாது. மூச்சுக்குழாய் குழந்தைக்கென்று செய்த குட்டையான, மெல்லிய குழாயாக இருக்க வேண்டும். பெரியவரின் குழாயில் விட்ட மூச்சின் கரியமிலவாயு தங்கி, அதையே குழந்தை மீண்டும் இழுக்கும். முகம் முழுவதையும் மூடும் கவசம் குழந்தைக்கு வேண்டாம்.

"நீளமான குழாய் வைத்தால் அடிவரை போகலாமே?" என்று குழந்தை நிச்சயம் கேட்கும். அங்கே இயற்பியல் பாடம் தொடங்குகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறது. ஒரு மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த அழுத்தமே மார்பை விரியவிடாமல் தடுத்துவிடும். மீன் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தும் எட்டாமல் போவது ஏன்? ஒளிவிலகலால் நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தோன்றுகின்றன. வெப்ப நாட்டுக் கடலிலும் குழந்தைக்கு நடுக்கம் வருவது ஏன்? காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. குழந்தையின் உடல் சிறியது, ஆதலால் விரைவில் குளிர்ந்துவிடும். அரைமணி நேரம் போதும். உதடு நீலம் பாரிக்கும் முன் கரையேற்றித் துவட்டி, சூடாக எதையாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். நாம் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் பாடங்கள் அனைத்தும் அந்த அரைமணியில் அடங்கியிருக்கின்றன.

வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்வன. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்னும் இரண்டையும் கொண்ட களிம்புகளின் விற்பனைக்கு ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை விதித்தது. உடலோடு ஒட்டிய முழுக்கைச் சட்டை நமக்குப் போதும், செலவும் குறைவு.

எதையும் தொடக்கூடாது, பவளத்தின் மேல் நிற்கக்கூடாது, எதையும் எடுத்துவரக் கூடாது. இம்மூன்றையும் குழந்தைக்குக் கட்டளையாக இடாமல் கணக்காகச் சொல்லலாம். உருண்டையாக வளரும் பவள இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. கால்பந்து அளவுள்ள ஒரு பவளத்துக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். "அது உன் வயதுப் பிள்ளை" என்று சொன்னால் எந்தக் குழந்தையும் அதன்மீது காலை வைக்காது.

ஆசிரியர் யார்?

இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதிதான். பாம்பன் தீவிலும் அதன் அண்டை ஊர்களிலும் வாழும் பெண்கள் பலர், தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வாழ்கின்றனர். முகத்தில் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, உடம்பு மறைய உடுத்திய உடையோடேயே அவர்கள் நீருக்குள் இறங்குகிறார்கள். சுற்றுலா நிறுவனங்கள் ஸ்நார்க்லிங் என்று பெயர் சூட்டுவதற்கு முன்பே அவர்கள் அதைச் செய்துவந்தார்கள், உயிர்க்காற்றுக் குழாய்கூட இல்லாமல்! அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் நாம் தட்டுகளில் ஊற்றும் அகர் அப்படிப்பட்ட உழைப்பில் பிறந்த பொருள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்களும் அவர்களே. 2015-இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்மணி ஒருவர், தீவுகளின் சூழலைக் காப்போர்க்கு வழங்கும் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசைப் பெற்றார். பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்போருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமோ?

ஆனால் நடப்பது என்ன? தேசியப் பூங்கா வந்தபின் தீவுகளை நெருங்க இப்பெண்களுக்குத் தடைகள் வந்தன. கட்டணம் செலுத்தும் பயணிகளுக்கோ படகுகள் ஏற்பாடாகின்றன. காப்பதற்குக் கட்டுப்பாடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அனுமதியின்றிப் பூங்காவுக்குள் இறங்குவது குற்றம் என்பதையும் அறிவேன். பார்க்க வருபவனுக்கு வாயில் திறக்கிறது, அங்கே வாழ்ந்தவளுக்கு மூடுகிறது என்றால் அது நீதியாகுமா? வனத்துறை அனுமதித்துள்ள பயணங்களில் இப்பெண்களையே வழிகாட்டிகளாகவும் குழந்தைகளுக்கு நீச்சல் ஆசிரியர்களாகவும் அமர்த்தி, தக்க ஊதியம் அளித்தால் அவர்களுக்கும் வாழ்வு, கடலுக்கும் காவல். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டைக் காட்டும் படகுச் சவாரி, வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்துவதாக இருக்கிறது. அந்த வழி மற்ற இடங்களிலும் பரவ வேண்டும்.

மறுப்போர்க்கு மறுமொழி

"ஆள் நடமாட்டம் மிகுந்தால் பவளம் அழியும்" என்பர் சிலர். உண்மைதான். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை மக்கள் வெள்ளத்திலிருந்து காக்க 2018-இல் மூடினார்கள். 2022 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், ஒரு படகுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும், படகு பவளத்தின்மேல் நங்கூரமிடாதிருக்க வேண்டும். ஆயினும் யாரும் பார்க்காத கடலுக்காகக் குரல் கொடுக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலத்தில் உள்நாட்டு ஊர்களிலிருந்து எதிர்ப்பு எழாததற்கு நாம் அதைக் கண்ணால் காணாததும் ஒரு காரணம் அல்லவா?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இக்கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். மாலத்தீவு நம் கைக்கு எட்டாது. ஆனால் காரைக்குடி வழியாகவே இராமேசுவரத்துக்கு ரயில் செல்கிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் பாம்பன் புதிய பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. கண்ணாடியும் குழாயும் ஒரு வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டுவதில்லை. பள்ளிக்குப் பத்து இருந்தால், நன்றாகக் கழுவி ஆண்டுதோறும் நூறு பிள்ளைகள் பயன்படுத்தலாம்.

நாம் செய்யக்கூடியவை

நம் ஊரின் அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியில் கடலியல் துறை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் இயங்குகிறது. இவற்றோடு தொடர்புகொண்டு, நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக ஒரு திட்டம் வகுக்கலாம். ஆடி, ஆவணியில் தொடங்கி அருகிலுள்ள அரசுப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளுக்கு, நீச்சல் தெரிந்த மாணவர்களும் மாணவியரும் நீச்சல் கற்பிப்பது. கார்த்திகையில் பவளத்தைப் பற்றி எளிய பாடங்கள் நடத்துவது. தை மாதத்தில் பெற்றோர், ஆசிரியர் உடன்வர, அனுமதி பெற்ற இடத்துக்கு ஒரு நாள் பயணம் அழைத்துச் செல்வது. இரண்டு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கைத் தளர்த்தவே கூடாது. முதல் ஆண்டில் இருபது பிள்ளைகள் போதும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டுகிறேன். மாணவ நண்பர்களே! நம் முன்னோர் கடலின் மேலே சென்று பொன்னும் தேக்கும் கொண்டுவந்தனர். நாம் நம் தம்பி தங்கையரைக் கடலுக்குள்ளே பார்க்கச் செய்வோம். அவர்கள் எதையும் கையில் கொண்டுவர வேண்டியதில்லை. பார்த்ததை மறவாத கண்களோடு திரும்பி வந்தால் போதும். வளர்ந்தபின் அக்கடலைக் காக்கும் வேலையை அவர்கள் ஏற்றுக்கொள்வர்.